40 வோல்ட்டில் தானே நிற்கும் சார்ஜிங் மாட்யூல்: ஆறு வாரம் பயன்படுத்திய பிறகு

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் பதினான்கு வெள்ளிக்கு வாங்கிய ஒரு வோல்ட்டேஜ் கண்ட்ரோல் மாட்யூலைப் பற்றி எழுதுகிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பலகை, மூன்று இலக்கச் சிவப்பு டிஸ்ப்ளே, மூன்று பட்டன், ஒரு நீல ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). மேல் எல்லை ஒன்று, கீழ் எல்லை ஒன்று வைத்துவிட்டால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் வோல்ட்டேஜ் மேல் எல்லையைத் தொட்டதும் ரிலே விடும், சார்ஜ் நிற்கும். கீழ் எல்லைக்கு இறங்கியதும் ரிலே மறுபடி இழுக்கும், சார்ஜ் ஏறும். இவ்வளவுதான் வேலை. ஆறு வாரமாக ஏறக்குறைய தினமும் சாயங்காலம் இதை வைத்து வேலை பார்த்திருக்கிறேன், அதனால் நல்லதும் கெட்டதும் கைப்பழக்கத்தில் தெரிந்தவை.

எதற்காக வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் இந்த எண்கள் எதுவும் புரியாது. என் அக்கா வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறார். அவருடைய ஓவனில் ஒரு பக்கம் கருகுகிறது, இன்னொரு பக்கம் வேகவில்லை என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் துவாஸ் பக்கம் ஓர் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். எட்டு இடத்தில் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு உலோகக் கம்பி சேரும் முனையில் சூட்டை அளப்பது, வைத்து ஒரே நேரத்தில் அளந்து பார்த்துவிடலாம் என்று சொன்னேன். கே வகைக் கம்பி, அதாவது ஒரு பக்கம் குரோமெல், மறுபக்கம் அலுமெல், அரை மில்லிமீட்டர் தடிப்பு. இரண்டு முனையையும் முறுக்கி ஈயம் வைத்தால் ஓவன் சூட்டில் ஈயம் உருகிவிடும். முறுக்கி மட்டும் விட்டால் கொஞ்ச நாளில் களிம்பு ஏறி அளவு தாறுமாறாக ஆடும். முனையைப் பற்றவைத்து ஒரு சின்னக் குண்டுமணி மாதிரி ஆக்க வேண்டும். அதற்கு ஆலைகளில் பயன்படுத்தும் வழி, கெப்பாசிட்டரில் சக்தியைத் தேக்கி ஒரே அடியில் கம்பி முனையில் கொட்டுவது. கடையில் விற்கும் மெஷின் என் கைக்கு எட்டாத விலை, அதனால் நானே செய்ய உட்கார்ந்தேன்.

பத்தாயிரம் மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கெப்பாசிட்டர் நான்கை இணையாகச் சேர்த்தால் நாற்பதாயிரம் மைக்ரோஃபாரட். 40 வோல்ட் வரை ஏற்றினால் உள்ளே இருப்பது 32 ஜூல். கெப்பாசிட்டரில் உள்ள சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. 40 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 42 ஆகிவிட்டால் வோல்ட்டேஜில் ஏறியது ஐந்து சதவீதம், சக்தியில் ஏறியது பத்து சதவீதத்துக்கு மேல். அரை மில்லிமீட்டர் கம்பிக்கு அந்தப் பத்து சதவீதமே போதும், உருண்டையாக வர வேண்டிய முனை கருகிப் பறந்துவிடும். குறைந்தால் உருகாமல் பாதியில் நிற்கும். கையால் சுவிட்சைப் போட்டு, மல்டிமீட்டரைப் பார்த்து, 40 வந்ததும் அணைப்பது என்று இரண்டு நாள் செய்து பார்த்தேன். பத்தில் நான்கு முனைதான் உருப்படியாக வந்தது. அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மாமா, நீங்க மீட்டரைப் பார்க்கிறதா கம்பியைப் பார்க்கிறதா? இதுக்கு ஒரு கண்ட்ரோல் போடுங்க" என்றான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், அவன் சொன்னது சரி.

சனிக்கிழமை காலையில் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு அப்படியே நடந்து போனேன். சிம் லிம் டவரைத் தெரியாதவர்களுக்கு: கம்ப்யூட்டர், போன் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. ஜாலான் புசார் ஓரத்தில் இருக்கும் இந்தக் கட்டடத்தில்தான் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், கனெக்டர், வயர் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். முன்பு அங்கிருந்து கொஞ்சம் தள்ளி சுங்கை ரோடு பழைய சந்தையும் இருந்தது, கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெப்பாசிட்டர் எல்லாம் தரையில் விரித்துப் போட்டிருப்பார்கள். 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். இப்போது டவர்தான் கதி. நான் போன கடையில் அங்கிள் ஒருவர் இருந்தார். நான் கெப்பாசிட்டர் அளவைச் சொன்னதும் மாட்யூலை எடுத்துத் தராமல், என்ன வோல்ட்டேஜிலிருந்து ஏற்றுகிறாய், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எத்தனை ஓம் என்று கேட்டார். 48 வோல்ட், நூறு ஓம் என்றேன். தலையாட்டிவிட்டு 25 வாட் தங்க நிற அலுமினிய உடம்பு ரெசிஸ்டரையும் எடுத்து வைத்தார், "இதை உலோகத் தகட்டில் திருகு" என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை சொன்னார். அந்த இரண்டாவது முறையை நான் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கேள்வி கேட்டு விற்கிறார்கள், அந்த மாதிரிக் கடை எனக்குப் பிடிக்கும்.

இனி மாட்யூல். இணைப்பு சுலபம். மாட்யூல் ஓடுவதற்குத் தனியாக 12 வோல்ட், அளப்பதற்கு இரண்டு வயர், ரிலேக்கு மூன்று முனை. வழிகாட்டித் தாள் ஒரே ஒரு பக்கம், சீனத்தில் இருக்கிறது, வேலையிடத்து நண்பர் ஒருவர் மதிய இடைவேளையில் வரி வரியாகப் படித்துச் சொன்னார். ஆங்கிலப் பகுதியும் உண்டு, ஆனால் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் ஓரிடத்தில் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். முதல் நாள் அதை நம்பியிருந்தால் ரிலே தலைகீழாக வேலை செய்திருக்கும். இதை விற்பவர்கள் சரிசெய்ய வேண்டும், ஒரு தாளை ஒழுங்காக அச்சடிப்பதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

அளவுத் துல்லியம் நன்றாக இருக்கிறது. என்னிடம் இருக்கும் நல்ல மல்டிமீட்டரோடு பத்து வோல்ட்டிலிருந்து ஐம்பது வோல்ட் வரை ஒப்பிட்டேன், எங்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை. நிலையாக இருக்கும் வோல்ட்டேஜை அளப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சார்ஜ் ஏறும்போது வோல்ட்டேஜ் நிலையாக இருப்பதில்லையே. 48 வோல்ட்டிலிருந்து நூறு ஓம் வழியாக நாற்பதாயிரம் மைக்ரோஃபாரட் ஏறினால் அதன் நேர மாறிலி, அதாவது எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கான அளவுகோல், நான்கு விநாடி. காலியிலிருந்து 40 வோல்ட் வர ஏழு விநாடி. ஆரம்பத்தில் விறுவிறுவென்று ஏறி, போகப் போக மெதுவாகும். 40ஐத் தொடும் நேரத்தில் விநாடிக்கு இரண்டு வோல்ட் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும். அக்கா மகன் போனை ஸ்லோ மோஷனில் வைத்து டிஸ்ப்ளேயைப் படம் பிடித்தான். எண் ஏறக்குறைய விநாடிக்கு மூன்று முறைதான் மாறுகிறது: 39.1, 39.7, 40.2, அப்புறம் டக். அதாவது மாட்யூல் பார்க்கிறது, கண் மூடுகிறது, மறுபடி பார்க்கிறது. கண் மூடியிருக்கும் நேரத்தில் 40ஐத் தாண்டினால் அதற்குத் தெரியாது. இருபது முறை ஏற்றிப் பார்த்தோம், நின்ற இடம் 40.1க்கும் 40.7க்கும் நடுவில் மாறி மாறி வந்தது. சக்தியில் பார்த்தால் இருபதுக்குள் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் மூன்று சதவீத வித்தியாசம். என் வேலைக்கு இது போதும். எல்லையை 39.6க்குக் குறைத்து வைத்தேன், 40ஐச் சுற்றியே நிற்கிறது, கையால் செய்தபோது பத்தில் நான்காக இருந்தது இப்போது பத்தில் ஒன்பது.

வேகமாக ஏற்ற ஆசைப்பட்டவர்கள் இந்தப் பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும். நண்பர் ஒருவரிடமிருந்து ஐந்து ஆம்பியர் தரும் பெஞ்ச் பவர் சப்ளையை இரவல் வாங்கி, நூறு ஓமுக்குப் பதில் பத்து ஓம் போட்டுப் பார்த்தேன். ஏழு விநாடி ஒரு விநாடிக்கும் குறைவாகிவிடும், அதனால் மாட்யூலுக்குக் கண் திறக்கவே நேரமில்லை. 40 என்று வைத்தால் ஒரு முறை 41.8, ஒரு முறை 44 என்று போய் நின்றது. 44 வோல்ட் என்றால் 38 ஜூலுக்கு மேல், அதாவது வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அந்த அடியில் கம்பி முனை உருண்டையாகாமல் சிதறி, பாதுகாப்புக் கண்ணாடியில் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டது. கண்ணாடி போடாமல் யாரும் இதைச் செய்யாதீர்கள். பெட்டியின் மேல் "அதிவேகம்" என்று எழுதியிருக்கிறார்கள், அது சரியில்லை. பேட்டரி சார்ஜ் போன்ற மெதுவான வேலைக்கு இது வேகமாக இருக்கலாம், கெப்பாசிட்டருக்கு இது நிதானமான ஆள்.

மெதுவாக ஏற்றுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ரிலேயின் மேல் பொறித்திருப்பது 250 வோல்ட் ஏசிக்கு (மாறுதிசை மின்சாரம்) பத்து ஆம்பியர், 30 வோல்ட் டிசிக்கு (நேர்திசை மின்சாரம்) பத்து ஆம்பியர். நான் கொடுப்பது 48 வோல்ட் டிசி. ஏசியில் மின்னோட்டம் விநாடிக்குப் பல முறை பூஜ்யத்தைத் தொடும், தொடும்போது தீப்பொறி தானாக அணையும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது, பொறி இழுத்துக்கொண்டே நிற்கும், அதனால்தான் டிசிக்கு எண் குறைவு. ஆனால் நூறு ஓம் இருக்கும்போது, நிறுத்தும் நேரத்தில் ஓடுவது வெறும் 0.08 ஆம்பியர்தான், இழுக்கும் நேரத்தில் அதிகபட்சம் 0.48. ஆறு வாரம் கழித்து ரிலேயின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், தொடுமுனை இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. 0.48 ஆம்பியர் என்பதால் அலுவலக நெட்வொர்க் போனுக்கு வரும் 48 வோல்ட், அரை ஆம்பியர் அடாப்டரே போதுமானதாகவும் இருக்கிறது. சிங்கப்பூரில் விற்கும் பாதுகாப்புக் குறி ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள், 230 வோல்ட் பக்கத்தில் நீங்கள் கை வைக்கவே தேவையில்லை.

கீழ் எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் மேல் எல்லை 39.6, கீழ் எல்லை 39.5 என்று வைத்துவிட்டேன், நெருக்கமாக இருந்தால் துல்லியமாக இருக்கும் என்ற நினைப்பில். டக் டக் டக் என்று ரிலே ஓயாமல் அடித்துக்கொண்டது, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. கெப்பாசிட்டர் சும்மா இருக்கும்போதும் மெல்லக் கசியும், மாட்யூல் அளப்பதற்காகவும் அதிலிருந்து துளித் துளியாக எடுக்கும், நிறுத்தியதும் வோல்ட்டேஜ் கொஞ்சம் தானே கீழே உட்காரும். அதனால் ஏறும் எல்லைக்கும் இறங்கும் எல்லைக்கும் நடுவில் இடைவெளி விட்டே ஆக வேண்டும். இந்த இடைவெளியை எலக்ட்ரானிக் சர்க்யூட்டில் கொண்டுவந்தவர் ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1934இல் மாணவராக இருந்தபோது, கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படிப் போகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் செய்த சர்க்யூட். இன்றைக்கும் ஏர்கான் தெர்மோஸ்டாட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அதே யோசனைதான் ஓடுகிறது. நான் கீழ் எல்லையை 38.5க்கு இறக்கினேன். இப்போது வேலை செய்யாமல் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு முறைதான் டக். ஒவ்வொரு முறை பற்றவைப்பதற்கு முன்பும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கால் மிதி சுவிட்சை மிதிக்கிறேன், 39க்குக் கீழே இருந்தால் காத்திருக்கிறேன்.

சரி, இப்போது அந்த ரெசிஸ்டர் விஷயம். இது மாட்யூலின் குறையா, என் குறையா என்று கேட்டால் பாதிப் பாதி என்பேன்.

சக்தியைக் கொட்டுவதற்கு எஸ்சிஆர் ஒன்றை, அதாவது சிக்னல் கொடுத்தால் மின்னோட்டத்துக்குக் கதவு மாதிரித் திறக்கும் பாகத்தை, போட்டு, கால் மிதி சுவிட்சில் இணைத்திருந்தேன். எஸ்சிஆரின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒருமுறை திறந்துவிட்டால், அதன் வழியாக ஓடும் மின்னோட்டம் ஓர் அளவுக்குக் கீழே போகும்வரை மூடாது. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் கம்பி முனை, பற்றவைக்க அதைத் தொட்டு வைக்கும் கார்பன் கட்டையில் ஒட்டிக்கொண்டது. வழக்கமாக அடித்ததும் முனை விடுபட்டுவிடும், அன்றைக்கு விடவில்லை. கெப்பாசிட்டர் காலியாகிவிட்டது, டிஸ்ப்ளே ஒரு வோல்ட் பக்கத்தில் காட்டியது, மாட்யூல் என்ன நினைக்கும்? கீழ் எல்லைக்குக் கீழே இருக்கிறது, ஏற்று என்று ரிலேயை இழுத்தது. 48 வோல்ட் நூறு ஓம் வழியாக வந்து நேராக எஸ்சிஆர் வழியாகத் திரும்பிப் போனது, 0.48 ஆம்பியர், எஸ்சிஆரைத் திறந்தே வைத்திருக்க அது தாராளம். கெப்பாசிட்டர் ஏறவில்லை, மாட்யூல் விடவில்லை. ரெசிஸ்டரில் தொடர்ந்து 23 வாட். 25 வாட் என்று எழுதியிருப்பது உலோகத் தகட்டில் திருகியிருந்தால் மட்டும்தான், நான் பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் திருகியிருந்தேன். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கம்பி முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன்தான், "மாமா, ஏதோ வாசம் வருது" என்று எழுந்து அடாப்டரைப் பிடுங்கினான். பெட்டியின் அடிப்பாகம் இளகி, ரெசிஸ்டர் விரல் அகலத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. மேசையில் ஒரு பழுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு இப்படி ஒன்று நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு நான் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் மூன்று மாற்றம் செய்தேன். ரெசிஸ்டர் அலுமினியத் தகட்டுக்குப் போனது, அங்கிள் சொன்ன மாதிரியே. மாட்யூல் மெனுவில் ரிலே இழுப்பதற்கு முன் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதை இரண்டு விநாடி வைத்தேன். அந்த இரண்டு விநாடியில் எஸ்சிஆருக்கு மூட நேரம் கிடைக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது, ஏனென்றால் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போதே, அதாவது ரிலே ஏற்கெனவே இழுத்திருக்கும்போது, தெரியாமல் மிதித்துவிட்டால் அந்தக் காத்திருப்பு நடக்கவே நடக்காது. அதனால் கால் மிதியில் இரட்டைத் தொடுமுனை சுவிட்ச் போட்டேன், மிதிக்கத் தொடங்கியதும் முதலில் சார்ஜ் வயர் அறுபடும், இன்னும் அழுத்தினால்தான் எஸ்சிஆருக்குச் சிக்னல் போகும். இப்போது கம்பி ஒட்டிக்கொண்டாலும் ஒன்றும் ஆவதில்லை, எஸ்சிஆர் மூடிவிடுகிறது, காலை எடுத்ததும் கெப்பாசிட்டர் ஒழுங்காக ஏறுகிறது. இந்த மாதிரி மாட்யூலில் "இத்தனை விநாடி ஏற்றியும் எல்லை வரவில்லை என்றால் நிறுத்திவிடு" என்று ஒரே ஒரு அமைப்பு வைத்திருந்தால் என் மேசையில் வட்டம் விழுந்திருக்காது. உள்ளே சின்னக் கணினிச் சிப் இருக்கிறது, மென்பொருளில் நான்கு வரி. அதை வைக்காததுதான் இந்த மாட்யூல் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம்.

அதே வகையில் இன்னொன்று. நான்காம் வாரம், அளக்கும் வயரின் திருகு தளர்ந்து வயர் வெளியே வந்துவிட்டது. டிஸ்ப்ளே 0.0. மாட்யூலுக்கு அது காலிக் கெப்பாசிட்டர், வயர் இல்லை என்று அதற்குத் தெரியாது. ஏற்றிக்கொண்டே இருந்தது. நான் கவனித்து மல்டிமீட்டரை வைத்தபோது 47.9 வோல்ட். என் கெப்பாசிட்டர்கள் 63 வோல்ட் தாங்குபவை, அதனால் சும்மா இருந்தன. 35 வோல்ட் கெப்பாசிட்டரை வாங்கி, 48 வோல்ட் அடாப்டரைக் கொடுத்து, மாட்யூல்தான் 30இல் நிறுத்திவிடுமே என்று நம்பி ஒருவர் கட்டியிருந்தால் அவை வெடித்து உள்ளே இருக்கும் திரவம் மேசையெல்லாம் தெறித்திருக்கலாம். அடாப்டர் தரக்கூடிய முழு வோல்ட்டேஜையும் கெப்பாசிட்டர் தாங்க வேண்டும், மாட்யூலை அதற்கு மேலே ஒரு வசதியாக மட்டும் பாருங்கள். ரிலேயில் சாதாரணமாகத் திறந்திருக்கும் முனையில்தான் சார்ஜ் வயரைக் கட்ட வேண்டும் என்பதும் இதே காரணத்துக்குத்தான், 12 வோல்ட் போய்விட்டால் ரிலே தானாக விட்டுச் சார்ஜ் நிற்கும். மூடியிருக்கும் முனையில் நான் ஒரு பச்சை எல்இடியைப் பத்தாயிரம் ஓமோடு கட்டியிருக்கிறேன், ஏறி முடிந்ததும் எரியும், எண்ணைப் பார்க்காமலேயே தெரிகிறது. மிதித்த பிறகு அந்த இரண்டு விநாடிக் காத்திருப்பிலும் அது எரியத்தான் செய்யும், பழகிவிட்டது.

வேலை முடிந்து அணைத்ததும் கெப்பாசிட்டரைக் காலி செய்வது மாட்யூலின் வேலையில்லை, நீங்கள்தான் செய்ய வேண்டும். பவர் சுவிட்சின் இரண்டாவது பக்கத்தில் 470 ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டரைக் கட்டியிருக்கிறேன், அணைத்தால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அப்படிக் காலி செய்து வயரைக் கழற்றி வைத்தாலும் சிறிது நேரத்தில் ஒன்றிரண்டு வோல்ட் தானாகத் திரும்பி வரும், பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு அது இயல்பு, அதனால் கழற்றி அலமாரியில் வைப்பதாக இருந்தால் இரண்டு முனையையும் ஒரு வயரால் சேர்த்து வையுங்கள். 40 வோல்ட் தொட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். மோதிரமோ ஸ்டீல் காப்போ இரண்டு முனையில் பட்டால் 32 ஜூலும் அந்த உலோகத்தில்தான் இறங்கும். நான் மேசைக்கு வரும் முன்பே மோதிரத்தைக் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். கேமரா ஃபிளாஷில் இருக்கும் கெப்பாசிட்டரை இதில் கட்டலாமா என்று வேலையிடத்தில் ஒரு தம்பி கேட்டார். கூடாது. அது 300 வோல்ட்டுக்கு மேல், இந்த மாட்யூல் அளப்பதே அறுபது வரைதான், உயிருக்கும் ஆபத்து.

மாட்யூல் வாங்காமல் நாமே செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். செய்யலாம், அக்கா மகன் செய்துவிட்டான். இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் எல்எம்393 கம்பேரட்டர், மாறாத வோல்ட்டேஜ் தரும் டிஎல்431 ரெஃபரன்ஸ், சுவிட்ச் வேலைக்கு ஒரு மாஸ்ஃபெட், நான்கைந்து ரெசிஸ்டர். டிஎல்431 தருவது 2.495 வோல்ட், கெப்பாசிட்டர் வோல்ட்டேஜை ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ஓமும் பத்தாயிரம் ஓமும் போட்டுப் பதினாறில் ஒன்றாகப் பிரித்தால் எல்லை 39.92 வோல்ட்டில் விழுகிறது, திருகி அமைக்கக்கூடத் தேவையில்லை. கம்பேரட்டரின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டரைத் திருப்பிக் கட்டினால் இடைவெளியும் வந்துவிடும், எல்லை கொஞ்சம் நகரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எல்எம்393க்கு வெளியீட்டில் மேலே இழுக்கும் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும், அதை விட்டுவிட்டு அரைநாள் தேடினான். அது கண் மூடுவதே இல்லை, மைக்ரோ விநாடிகளில் நிறுத்துகிறது, பத்து ஓம் போட்டாலும் 40ஐ விட்டு நகரவில்லை. பாகங்களுக்கு ஆன செலவு ஐந்து வெள்ளிக்குள். ஆனால் ஈயம் வைக்கத் தெரிய வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும், எல்லையை மாற்ற வேண்டும் என்றால் ரெசிஸ்டரைக் கழற்ற வேண்டும். வேறு தடிப்புக் கம்பிக்கு நான் பட்டனை அழுத்தி 32 வோல்ட் என்று மாற்றிக்கொள்கிறேன், அந்த வசதிக்குப் பதினான்கு வெள்ளி நியாயமான விலைதான்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், நூறு ஓம் மாதிரி நிதானமாக ஏற்றுபவர்கள், எல்லையை அடிக்கடி மாற்றுபவர்கள், எண் கண்ணில் தெரிய வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். ஒரு விநாடிக்குள் ஏற்ற வேண்டும் என்றால் கம்பேரட்டர்தான். ஆளில்லாத இடத்தில் விட்டுவிட்டுப் போகும் வேலைக்கு, அந்த நேர வரம்பு இல்லாத வரை, நான் பரிந்துரைக்க மாட்டேன். என் வீட்டில் நான் எழுந்து போகும்போது அடாப்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எட்டாவது கம்பியையும் பற்றவைத்து முடித்தோம். மிளகைவிடச் சின்ன உருண்டை, ஒரே மாதிரி எட்டு. அக்கா ஓவனை 180 டிகிரியில் வைத்து அரை மணி நேரம் விட்டோம். பின்பக்க இடது மூலை 197, கதவுப் பக்க வலது மூலை 168. அக்கா அந்த எண்களைத் தாளில் எழுதி ஓவன் கதவில் ஒட்டியிருக்கிறார், பாதி நேரம் ஆனதும் தட்டைத் திருப்பி வைக்கிறார்.